கண் பூத்த சேவல்

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் கட்டுமாவடி போகக் காத்திருக்கிறேன். அங்கே சின்னத் தேவாலயத்தில் இன்று அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. பழைய ஏற்பாட்டில் வரும் பலிகளைப் பற்றி நான் பேச வேண்டும். பழுதில்லாத ஆட்டைக் கடவுள் கேட்டது இறைச்சிக்காக அல்ல, நல்லதைப் பிரிய மனம் வருகிறதா என்று பார்க்கத்தான் என்று எழுதி வைத்திருக்கிறேன். காலடிக் கூடையில் நான் காணிக்கையாகக் கொண்டுபோகும் சேவல் கிடக்கிறது.

பக்கத்தில் ஒரு பெண் மடியில் செஞ்சேவலோடு உட்கார்ந்திருக்கிறாள். கருப்பருக்கு நேர்ந்ததாம். என் கூடைக்குள் எட்டிப் பார்க்கிறாள்.

"இதுவும் சாமிக்குங்களா? ஒரு கண்ணு பூத்துக் கெடக்கே?"

"ஆமாங்க."

அவள் குரல் தணிகிறது. "வேற இல்லாட்டி என்ன செய்வீங்க? இருக்கிறதத்தானே குடுக்க முடியும். சாமி ஏத்துக்கும்ங்க."

ஆடு வாங்க முடியாத ஏழை புறாவைக் கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லாதவன் கொஞ்சம் மாவு கொண்டுவரலாம் என்று அந்தப் பழைய ஏற்பாட்டுச் சட்டமும் சொல்கிறது. என்னை அந்த ஏழை என்று நினைத்துவிட்டாள். எனக்கு முகம் எரிகிறது.

"வீட்ல நாலு நல்ல சேவல் நிக்குதுங்க. இது வெலைக்குப் போகாதுன்னு கொண்டாந்தேன்."

அவள் தன் சேவலை அணைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்காருகிறாள்.

பஸ் வருகிறது. திரும்பிப் போய் மாற்றி வர நேரமில்லை. இவளிடம் சொன்னதைத்தான் சபையாரிடமும் முதலில் சொல்ல வேண்டும்.