நல்ல பீஸுக்கு ஸ்டிக்கர் கிடையாது

பிரிசில்லாவைக் கல்யாணத்துக்கு அழைத்தால் பொண்ணு மாப்பிள்ளையை ஆசீர்வதிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைத்தான் பார்ப்பாள். இடது முனை அரை நூல் ஏறியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. திருப்பூர் மண்ணரையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங்கில் இருப்பவள், இப்போது அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசர். தைத்து வருகிற பனியனை உள்ளும் புறமும் திருப்பி, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. அந்தக் கண்ணைச் சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா என்ன.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பூதங்களை அடித்துக்கொண்டிருப்பாள் என்று சொன்னால் கம்பெனியில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. லேண்டர்ன்வேல் என்று ஒரு ஆன்லைன் கேம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, பனி மூடிய ஒரு நாட்டில் கூட்டம் கூட்டமாகச் சுற்றி, பூதங்களைக் கொன்று, கவசமும் ஆயுதமும் சேர்ப்பார்கள். அந்தக் கேம் வந்து பதினைந்து வருடமாகிவிட்டது. மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். பிரிசில்லா சர்ச் முடிந்து, சமையல் முடிந்து, கணவர் தூங்கப் போனதும் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தால் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். நாற்பத்தொரு வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்ட மாமியார்கூட இப்போது கேட்பதை விட்டுவிட்டார்.

அவளுடையது நாலு பேர் கொண்ட படை. பெருமாநல்லூரில் துணி பிறகு சுருங்காதபடி அழுத்தித் தரும் காம்பாக்டிங்குக்குச் சிறிய யூனிட் வைத்திருக்கும் மணியன் முன்னால் நின்று அடி வாங்குவார். பிரிசில்லா பின்னால் நின்று காயத்தை ஆற்றுவாள். அவள் கம்பெனியிலேயே சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுகிற மெர்ச்சண்டைசர் கீர்த்தனா வில் பிடிப்பாள். நாலாவது ஆள் விஜயராணி. அதே கம்பெனியில் ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லராக இருந்தவள், ஈட்டிக்காரி. அவள் விரல் போகிற வேகத்துக்கு மெஷினும் ஈடு கொடுக்காது, பூதமும் ஈடு கொடுக்காது. படைக்கு உத்தரவு போடுவதும் அவள்தான். மணியனைவிடப் பதினைந்து வயது சின்னவள், ஆனால் அவள் "நில்லுங்கண்ணா" என்றால் மணியன் நிற்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் பல்லடம் ரோட்டில் விஜயராணியின் வண்டி சறுக்கியது. உயிர் பிழைத்தாள், வலது கை பிழைக்கவில்லை. நரம்பு போய்விட்டது, தோளிலிருந்து சும்மா தொங்குகிறது. தையல் வேலை அத்தோடு முடிந்தது. பல்லடத்தில் அண்ணனுடைய தறிக்கொட்டகையில் போன் எடுப்பதும் ஆர்டர் எழுதுவதுமாக இருக்கிறாள். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து ஞாயிற்றுக்கிழமை விளையாடிப் பார்த்தாள். ஒவ்வொரு சண்டையிலும் முதலில் விழுந்தாள். மற்ற மூவரும் நின்று அவளைத் தூக்கி விட்டார்கள். ஒவ்வொரு முறையும் "சாரிங்க்கா" என்றாள். ஐந்தாவது வாரம், இனிமேல் வரமாட்டேன், என் இடத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நாலாவது ஆளாக யாராவது ஒரு முகம் தெரியாத வெளிநாட்டுக்காரன் வருவான், வணக்கமும் சொல்லாமல் போவான்.

இந்த வருடம் ஜூன் மாதம் அந்த அறிவிப்பு வந்தது. லேண்டர்ன்வேலுக்குப் புது எக்ஸ்பான்ஷன், அதாவது பழைய கேமோடு ஒரு புது நாட்டையே சேர்க்கிறார்கள். சதுப்பு நிலம், புதுப் பூதங்கள், புது ஆயுதங்கள்.

மணியன் படையின் வாட்ஸ்அப் குழுவில் ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் போட்டார். அதில் நாலு நிமிடம் அவருடைய கருங்கல் கவசத்தைப் பற்றி. அதைச் சேர்க்க அவருக்கு மூன்று வருடம் பிடித்தது. புது நாட்டில் முதலில் செத்து விழுகிற நரி போட்டுவிட்டுப் போகும் கிழிசல் சட்டை அதைவிடப் பலமாம். இது என்ன நியாயம் என்று கேட்டார். அது நியாயம் இல்லைதான். கீர்த்தனாவோ கையில் பிடிக்க முடியாத சந்தோஷத்தில் இருந்தாள். ஒரே எட்டுக் குகையை எத்தனை வருடம்தான் சுற்றுவது என்றாள். பிரிசில்லாவுக்கு இரண்டும் இருந்தது. புதுசு வருகிறதே என்று ஆசை. ஓடிக்கொண்டிருப்பதைச் சரி செய்கிறேன் என்று கெடுத்துவிடுவார்களோ என்ற பயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

டீ நேரத்தில் அந்த அறிவிப்பின் அடிப்பகுதிக்கு வந்தபோது அவளுக்கு டீ ஆறிப்போயிற்று. விளக்கேந்தி என்று ஒரு புது வேடம் வருகிறது. வாள் இல்லை, மந்திரம் இல்லை. சதுப்பு நிலத்தில் எப்போதும் இருட்டு. விளக்கேந்தி வெளிச்சம் காட்டுகிற இடத்தில் மட்டும்தான் மற்றவர்களுக்குப் பூதம் தெரியும், வழி தெரியும். மொத்தம் நாலே பொத்தான், மவுஸ் வேண்டாம். அவள் தன் இடது கையை மேஜைமேல் வைத்து நாலு விரலையும் விரித்துப் பார்த்தாள். ஒரு கைக்கு எட்டும்.

அன்றைக்கே விஜயராணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் போனோடு தறிச் சத்தத்தை விட்டு வெளியே வந்தாள். பிறகு, "எந்தத் தேதிங்க்கா வருது?" என்றாள். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. அடுத்த வாரமே அண்ணனிடம் கேட்டுக் கொட்டகையில் சும்மா கிடந்த கம்ப்யூட்டரைத் துடைத்துத் தன் அறைக்கு எடுத்துவந்து விட்டாளாம். பிரிசில்லா சந்தோஷத்தில் அன்று பத்து பீஸுக்கு ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரை எட்டுக்குத்தான் ஒட்டியிருப்பாள்.

வெளியிடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஆட்டக்காரர்களிலிருந்தே சில நூறு பேரைக் கம்பெனி கேட்டிருந்தது. பிரிசில்லா பேர் கொடுத்தாள், கிடைத்தது. சோதிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை. துப்பட்டாவால் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தூங்கி எழுந்து வந்த கணவர், கையில் அடிபட்டுவிட்டதா என்று பதறினார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு டீ போடப் போய்விட்டார்.

விளக்கோடு சதுப்புக்குள் முதல் அடி வைத்தபோது பின்னால் யாரோ மூன்று பேர் அவள் வெளிச்சத்தை ஒட்டியே வந்தார்கள். அவள் திரும்பினால் அவர்களும் திரும்பினார்கள். அவள் நின்றால் நின்றார்கள். பத்தொன்பது வருடமாக யாரோ செய்ததற்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள் முன்னால் நடந்தாள். தனியாக வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் வேலையில் இறங்கினாள்.

பதினோரு குறை கண்டுபிடித்தாள். ஓடையைத் தாண்டும்போது விளக்கு காரணமில்லாமல் அணைகிறது. மூன்றாவது பொத்தானும் நாலாவதும் ஒரு கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. படி ஏறினால் வெளிச்சம் வானத்தைப் பார்க்கிறது. இப்படி ஒவ்வொன்றையும் இடம், நேரம், எத்தனை தடவை என்று பிரித்து எழுதினாள். அவர்கள் அனுப்பிய படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. முதலாவது, என்ன பிடித்தது. இரண்டாவது, என்ன மாற்ற வேண்டும். முதல் கட்டத்தைத் தாண்டி அவள் பார்வை நேராக இரண்டாவதுக்குப் போயிற்று. செக்கிங்கில் பழக்கம் அது. குறையுள்ள பீஸுக்குத்தான் ஸ்டிக்கர், ரிப்போர்ட் எல்லாம். நல்ல பீஸ் பேசாமல் பேக்கிங்குக்குப் போகும். நன்றாக இருக்கிறது என்று எழுதுவதற்கு அங்கே இடமே கிடையாது, எழுதினால் சிரிப்பார்கள். முதல் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மணியன் போன் செய்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு குரலில் உற்சாகம். கம்பெனிக்காரனுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது, அந்த விளக்குப் பிடிக்கிற வேடத்தை எடுத்துவிட்டான் என்றார். சண்டை போடுகிற கேமில் விளக்குப் பிடிக்க எவன் வருவான் என்று சிரித்தார். விஜயராணிக்காகத்தான் பிரிசில்லா அதைச் சோதித்தாள் என்று அவருக்குத் தெரியாது. விஜயராணிதான் வருகிற நாள் வரைக்கும் சொல்ல வேண்டாம் என்றிருந்தாள்.

பிரிசில்லா அறிவிப்பைத் திறந்து படித்தாள். சோதித்தவர்களில் யாருக்கும் இந்த வேடம் பிடித்ததாகத் தெரியவில்லை, ஆகவே இப்போதைக்கு நீக்குகிறோம், பிறகு யோசிப்போம் என்றிருந்தது. கீழே ஒரு வரி. பதினோரு குறைகளைத் தனித்தனியாக எழுதி அனுப்பிய ஆட்டக்காரருக்கு எங்கள் சிறப்பு நன்றி. அந்த ஆட்டக்காரர் அவள்தான். தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள்.

விஜயராணியிடம் மறைக்க மனசு வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். விஜயராணி திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்லீங்க்கா, உடுங்க," என்றாள்.

"உட மாட்டேன் கண்ணு. உன்னயப் பத்தி எழுதறேன். ஒரு கை இல்லாதவங்களுக்கு இது எத்தன ஒத்தாசைன்னு எழுதினா அவிங்க கேப்பாங்க."

அதற்குத்தான் விஜயராணிக்குக் கோபம் வந்தது. "என்ற கையச் சொல்லிக் கேக்க வேண்டாங்க்கா. பாவம்னு குடுத்தா எனக்கு வேண்டாம். அந்த வேலை நல்லாருக்குதுன்னா நல்லாருக்குதுன்னு எழுதுங்க. இல்லீன்னா உட்ருங்க."

பிரிசில்லா கீர்த்தனாவிடம் போனாள். பையர் ஒரு லாட்டையே வேண்டாம் என்று தள்ளினால், குறையைச் சரி செய்து தருகிறோம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மெயில் எழுதி மனசை மாற்றுகிறவள் அவள்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். என்ன நன்றாக இருந்தது, சொல்லுங்கள் என்றாள் கீர்த்தனா. ஓடையில் விளக்கு அணையாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆரம்பித்தாள் பிரிசில்லா. கீர்த்தனா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அது குறைங்க்கா, அது ஏற்கெனவே போய்விட்டது, எனக்கு நல்லது வேண்டும் என்றாள். பிரிசில்லா யோசித்தாள். டிபன் பாக்ஸில் தக்காளிச் சாதம் காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்கு இத்தனை சிரமம் ஏன் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் அந்தச் சிரிப்பைச் சொன்னாள். மூன்று பேர் பின்னால் வந்ததை, அவள் நின்றால் நின்றதை. வெளிச்சம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் படைக்குத் தலைவர், அடிக்கத் தெரியாதவர்கூடத் தலைவராகலாம் என்பது இந்தக் கேமில் பதினைந்து வருடமாக இல்லாத ஒன்று என்றாள். பதினோரு குறை எழுதியதே இதைக் கைவிட மனசில்லாமல்தான், வேண்டாத பீஸை யாராவது பதினோரு இடத்தில் புரட்டிப் பார்ப்பார்களா என்றாள். கீர்த்தனா சொன்னது சொன்னபடி ஆங்கிலத்தில் அடித்தாள். விஜயராணியின் பேர் அதில் இல்லை.

மெயிலைப் படையின் குழுவிலும் போட்டாள் கீர்த்தனா. அப்போதும் யாருக்காக என்று எழுதவில்லை. ஆனால் மணியன் பதினோரு வருடமாகத் துணியைத் தொட்டே சுருக்கம் சொல்கிறவர், மவுஸ் இல்லாமல் நாலே பொத்தானில் ஆடுகிற வேடம் யாருக்கென்று புரியாதா. சாயங்காலம் அவரும் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தார். இந்த எக்ஸ்பான்ஷனில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை, என் கவசத்தைக் குப்பையாக்கியதை ஆயுசுக்கும் மறக்கமாட்டேன், இருந்தாலும் அந்த விளக்கை மட்டும் திருப்பிக் கொடுங்கள், எனக்கு அதன் பின்னால் நடக்க வேண்டும். எழுத்துப் பிழை நிறைய இருந்தது. கீர்த்தனா அதைத் திருத்தவில்லை. ஆட்டக்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் இரண்டு மெயிலையும் போட்டாள். எங்கெங்கிருந்தோ சோதித்த எண்பது, தொண்ணூறு பேர், தங்களுக்கும் பிடித்திருந்தது, சொல்லத் தோன்றவில்லை என்று கீழே எழுதினார்கள்.

பதில் வர மூன்று வாரமானது. விளக்கேந்தி திரும்பி வருகிறது, பதினோரு குறையில் ஏழு சரி செய்யப்பட்டுவிட்டது, நாலு மெதுவாக வரும். பிரிசில்லாவுக்கு அந்த நாலின் மேல் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மூன்று மணிக்கு நாலு பேரும் உள்ளே வந்தார்கள். சதுப்பு நிலம் அறிவிப்பில் சொன்னதைவிட இருட்டு. எல்லோர் காதிலும் ஹெட்போன். விஜயராணி விளக்கைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள், ஒரு வேரில் இடித்துக்கொண்டாள், பழைய நினைப்பில் சாரிங்க்கா என்றாள். மணியன் புது நாட்டை ஒத்துக்கொள்ளாத வீம்பில் அந்தக் கருங்கல் கவசத்தையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பொறுமை இல்லை. வெளிச்சத்தை விட்டு இருட்டுக்குள் இரண்டு எட்டு முன்னால் போனார். என்ன கடித்தது என்று தெரிவதற்குள் விழுந்தார்.

அவரைத் தூக்கிவிடப் பிரிசில்லாவும் இருட்டுக்குள் ஓடினாள். அப்போது ஹெட்போனில் விஜயராணியின் குரல் வந்தது. மூன்று வருடமாக யாரும் கேட்காத, ஓவர்லாக் வரிசை முழுக்க ஒரு காலத்தில் கேட்ட குரல்.

"அக்கா, நில்லுங்க. அண்ணா, எந்திரிக்காதீங்க, அங்கயே கெடங்க. நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் ஒரு எட்டு எடுத்து வெக்கப்படாது."

பிரிசில்லா நின்றாள். கீர்த்தனா வில்லைத் தாழ்த்தினாள். மணியன் சேற்றில் மல்லாந்து கிடந்தபடியே, "செரீங் கண்ணு," என்றார். மூன்று பேரும் இருட்டில் அசையாமல் காத்திருக்க, விளக்கு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.