சமாளிச்சுக்கலாமுங்க

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்ததில்லை என்று உங்கள் இருவருக்கும் என் மேல் ஒரு வருத்தம் உண்டு. கோபிசெட்டிபாளையத்தில் மாமன் தோட்டத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலில் நீச்சல் பழக்கிவிடுகிறேன் என்று நான் சொல்லிச் சொல்லியே அம்மணி எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். தம்பி அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டான். அவன் கேட்காமல் விட்டதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவை எல்லாம் ஒரு ஃபைலுக்குள் இருந்தன.

நான் நகராட்சியில் தண்ணீர் திறந்து விடுகிறவன். எந்த நகராட்சி என்று எழுத மாட்டேன். கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, அதை எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போய், குழி மூடியைத் தூக்கி, வால்வைத் திருக வேண்டும். இந்த வீதிக்கு இன்றைக்கு, அந்த வீதிக்கு நாளைக்கு என்று முறை. முறை தப்பினால் குடத்தோடு நிற்கும் சனம் நம்மைத்தான் கேட்கும், ஆணையரை யாரும் கேட்பதில்லை.

முன்பு நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஆளுக்கு ஒரு குழாய் லைன். வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு, எனக்கு ஞாயிறு. ஒருவர் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் இன்னொருவரும் பெற்றார். இரண்டு தடவையும் ஆபீஸ் மேலாளர் சால்வை போட்டு, "இவரு எடத்த யாராலயும் நிரப்ப முடியாதுங்க" என்று பேசினார். பேச்சில் அவ்வளவு சுத்தமான மனிதரை நான் பார்த்ததில்லை. இரண்டு இடத்தையும் கடைசி வரை நிரப்பவே இல்லை. மூன்று லைனையும் 'தற்காலிகமாக' என்னிடம் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் தொடங்கியபோது தம்பி பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பொறியாளர் அம்மா மாறுதலாகி வந்தார். வந்த மாதமே என்னோடு மூன்று லைனையும் சுற்றிப் பார்த்தார். அடுத்த வருஷத்து பட்ஜெட்டுக்கு ஒவ்வொரு பிரிவும் தனக்கு எத்தனை ஆள், எவ்வளவு சாமான் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் நேரம் அது. அம்மா 'இரண்டு ஆள் தேவை' என்று எழுதி என்னிடமே கொடுத்து அனுப்பினார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, ரெண்டு ஆள் வேணும்னா ரெண்டுன்னா எழுதுவாங்க?"

"வேணுங்கறது ரெண்டுதானுங்க சார்."

"ஆறுன்னு போடுங்க. கணக்குப் பிரிவு மூணுல ஒண்ணாக்கிப்போடும். அப்பத்தான் ரெண்டு நிக்கும்."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய் என்னங்க இதுல? முறைங்க."

அம்மா மாற்றி எழுத மறுத்துவிட்டார். ஃபைல் கணக்காளரிடம் போனது. அவர் பேனாவை எடுக்கும்போது நான் எதிரில்தான் நின்றேன். மேலே இருந்த காரணம் எதையும் படிக்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தார். இரண்டை மூன்றால் வகுத்தார்.

"ஒரு ஆள்கூட முழுசா வரலீங்களே" என்றார் என்னிடம், ஏதோ நான்தான் கணக்கில் தப்புச் செய்ததைப் போல. 'தேவை இல்லை' என்று எழுதிவிட்டார்.

"ரெண்டுன்னு உண்மையத்தான் எழுதியிருக்காங்க சார்" என்றேன்.

"இருக்கலாமுங்க. அவங்க மூணு மடங்கு கேப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியும். நாங்க மூணுல ஒண்ணாக்குவோம்னு அவங்களுக்குத் தெரியும். நடுவால ஒருத்தர் வந்து உண்மையச் சொன்னா ஆபீஸ் எப்படீங்க நடக்கும்?"

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அங்கேயாவது பக்கத்தில் மாடு நிற்கும். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இங்கே துண்டு மட்டும்தான்.

அடுத்த வருஷம் அம்மாவும் ஆறு என்று எழுதக் கற்றுக்கொண்டார். அந்த வருஷம் சிக்கல் வேறு மாதிரி வந்தது. இடம் இருக்கிறது, பணம் இல்லை என்றார் மேலாளர். பணம் இருக்கிறது, இத்தனை நாள் காலியாகக் கிடந்ததால் அந்த இடமே போய்விட்டது என்றார் கணக்காளர். இருவருக்கும் நடுவில் ஒரு மரப் பலகைத் தடுப்புதான். ஒருவர் தும்மினால் மற்றவர் நிமிர்ந்து பார்ப்பார். ஆனாலும் கடிதம் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். இங்கிருந்து அங்கே போகிற கடிதம் தபால் பிரிவுக்குப் போய், நம்பர் வாங்கி, நான்காம் நாள் பலகைக்கு அந்தப் பக்கம் வந்து சேரும். அது வந்து சேர்வதற்குள் மார்ச் முடிந்துவிட்டது.

மூன்றாம் வருஷம் புதிதாக ஒரு ஆணையர் வந்திருந்தார். பட்ஜெட் கூட்டத்தில் எல்லாப் பிரிவையும் நேரில் கேட்டு முடிவு செய்வார் என்றார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, இந்தத் தடவ காயிதத்த நம்பறதா இல்ல. உங்களையே கூட்டீட்டுப் போறேன். வேலையில இருந்து அப்படியே வாங்க. சேத்தோட வாங்க, சாவியையும் எடுத்துட்டு வாங்க. அவரு கண்ணுல படோணும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னது தப்பாகப் போயிற்று.

"பெரிய ஆபீசர் முன்னால சேத்தோட போயி நிக்கறதா? ஊட்ல ஒருத்தி இருக்கறாளா இல்லியான்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டாள். நான் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கல்யாண வீட்டுக்கு உலக்கையோடு வந்தவனைப் போல இருந்திருப்பேன். கூட்ட அறை வாசலில் பொறியாளர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

உள்ளே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போன வாரம்தான் இதே மேசையில் மாதாந்திர ஆய்வு நடந்தது. அன்றைக்கு எல்லாப் பிரிவும் 'புகார் எதுவும் நிலுவையில் இல்லை' என்று மார்தட்டின. இன்றைக்கு அதே ஆட்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்கள். குப்பைப் பிரிவு நாறுகிற படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தது. விளக்குப் பிரிவு பாதி ஊர் இருட்டில் கிடப்பதாகச் சொன்னது. பூங்காப் பிரிவுக்காரர் பாம்பு நடமாட்டம் என்றார். ஒருவர் அழுகையை மிஞ்சி அடுத்தவர் அழுதார். யாருடைய அழுகை பெரிதோ அவர்களுக்கு ஆள். ஒரே வாரத்தில் ஊர் இப்படிக் கெட்டது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களும் அழுகிற வரிசையில் இருந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. அம்மா நன்றாகத்தான் பேசினார். "மூணு பேர் செஞ்ச வேலைய ஒருத்தரு செய்யறாருங்க சார். வருஷக் கணக்குல ஓய்வு நாளே இல்லீங்க. இவர்தானுங்க அது."

ஆணையர் என் பக்கம் திரும்பினார். அவரும் நம் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது. சிரித்த முகமாகக் கேட்டார்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? வேலையெல்லாம் எப்படிப் போகுது? தனியாளாச் சமாளிக்க முடியுதுங்களா?"

அவ்வளவு பெரிய ஆபீசர் எனக்கு 'ங்க' போட்டுக் கேட்கிறார். நம் ஊரில் அப்படிக் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். என் வாயும் அதைத்தான் சொன்னது.

"சமாளிச்சுக்கலாமுங்க சார். ஒண்ணும் பிரச்சனையில்லீங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கணக்காளர் அவ்வளவு வேகமாக எழுதி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. 'களப்பணியாளரே நேரில் தோன்றி, சமாளிக்க இயலும் எனத் தெரிவித்தார். கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது.' பூங்காவுக்கு நான்கு ஆள் கிடைத்தது.

படியில் இறங்கும்போது அம்மா கேட்டார். "மூணு வருஷமா நான் எழுதுனத ஒரே வாயில அழிச்சுப்போட்டீங்களேண்ணா. ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவரு மரியாதையாக் கேட்டாருங்க."

"அதட்டிக் கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது உங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, சட்டையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்பதுதான்.

அதன் பிறகு எனக்கு நீங்கள் நடத்திய வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அம்மணி நாற்காலியில் ஆணையராக உட்கார்ந்து, "முடியுதுங்களா?" என்று கேட்பாள். நான் "தனியா முடியலீங்க" என்று சொல்ல வேண்டும். தம்பிதான் கணக்காளர். பத்துத் தடவை கேட்டால் ஏழு தடவை எனக்குப் பழைய பதிலே வந்தது. "உங்களப் பாஸ் பண்ண முடியாதுங்கப்பா" என்று தம்பி எழுதியே கொடுத்தான்.

அடுத்த வருஷக் கூட்டத்தில் அதே ஆணையர் அதே சிரிப்போடு கேட்டார். உங்களை மனதில் நினைத்துக்கொண்டு, "தனியா முடியலீங்க சார்" என்று சொல்லிவிட்டேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கணக்காளர் குனிந்து ஆணையர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "போன வருஷம் முடியும்னாருங்க. இப்ப முடியலீங்கறாரு. வேல ஏறலீங்க, ஆளுதான் எறங்கியிருக்கோணும். ஒடம்பக் காட்டச் சொல்லலாமுங்க." ஆணையர் நிஜமான அக்கறையோடு என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் தட்டிப் பார்த்து, நல்ல உடம்பு என்று எழுதிக் கொடுத்தார். நல்ல உடம்போடு ஒருவன் இருக்கும்போது கூடுதல் ஆள் எதற்கு? கோரிக்கை மறுபடியும் முடித்து வைக்கப்பட்டது.

போன கோடையில்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஒரே ஒரு ஞாயிறு லீவு கேட்டு மேலாளரிடம் கடிதம் கொடுத்தேன். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கெழமைக்கு எதுக்குங்க லீவு லெட்டர்? ரெக்கார்டுல அது உங்க ஓய்வு நாளுங்க."

"நான் அன்னிக்கும் வேலைக்கு வாரேனுங்களே சார்."

"அப்படி ஒண்ணும் ரெக்கார்டுல இல்லீங்க. நீங்க ஒரு ஞாயித்துக்கெழமகூட வேல செய்யலீங்க."

அத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் உங்களோடுதான் இருந்திருக்கிறேன், பதிவேட்டின்படி. சரி, பதிவேடு சொல்கிறபடியே ஒரு நாள் இருந்து பார்ப்போம் என்று கோபிக்குப் பஸ் ஏறினோம். வாய்க்காலில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அம்மணி என் கழுத்தை நெரித்ததும், தம்பி யாரும் சொல்லிக்கொடுக்காமலே மிதந்ததும் உங்களுக்கே தெரியும்.

நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது, கரையிலிருந்து உங்கள் அம்மா போனை நீட்டினாளே, அது கணக்காளர். அன்றைக்கு முறை வந்த மூன்று வீதிகளில் ஒன்றில் அவர் குடியிருக்கிறார். நான் திட்டம் போட்டுச் செய்ததாக நினைக்காதீர்கள். அந்தப் புத்தி இருந்தால் முதல் வருஷமே செய்திருப்பேன்.

"ஊட்டுக்கு நெறைய ஒறம்பரை வந்து தங்கியிருக்காங்க. தண்ணி வரலீங்களே" என்றார்.

"இன்னிக்கு எனக்கு லீவு நாளுங்க சார்."

"எப்ப இருந்துங்க?"

"ரெக்கார்டுல எப்பவுமேங்க."

திங்கட்கிழமை எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நான் பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து வைத்துப் பதில் கொடுத்தேன். மூன்று வீதி சனமும் ஆபீசுக்கு வந்து போயிருந்தது. அன்று மாலைக்குள் கணக்காளர் தன் கையாலேயே 'மூன்று ஆள் அவசரத் தேவை' என்று குறிப்பு எழுதி, தானே மூன்றால் வகுத்து, ஒரு ஆளைக் கொடுத்தார். அதுவும் ஆறு மாத ஒப்பந்தத்தில். மரப் பலகையைத் தாண்டி அந்தக் காகிதம் எட்டே நிமிடத்தில் மேலாளரிடம் போனது. தபால் பிரிவுக்கு வழி தெரியாமல் போய்விட்டது போலும்.

வந்தவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்து, மில் மூடியதும் வெளியே வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். ஒரு வாரத்தில் மூன்று லைனும் அவருக்குப் பழகிவிட்டது. ஞாயிறு இப்போது எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

போன வாரம் ஆணையர் தண்ணீர்த் தொட்டியைப் பார்வையிட வந்தார். மேலாளர் நோட்டோடு பின்னால் வந்தார். நானும் அண்ணனும் வால்வுக் குழியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தோம். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆணையர் குழி ஓரத்தில் குனிந்து, புது ஆளைப் பார்த்து, அதே சிரிப்போடு கேட்டார்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? வேலையெல்லாம் சமாளிச்சுக்கறீங்களா?"

அண்ணன் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். தண்ணீருக்கு அடியில் அவர் காலை என் பூட்ஸால் அழுத்தி மிதித்தேன்.

"கால் ரொம்ப வலிக்குதுங்க சார்" என்றார் அவர்.

ஆணையர் முகம் வாடிவிட்டது. மேலாளரைப் பார்த்து, "இத எழுதிக்குங்க" என்றார். 'களப்பணியாளர் கடும் சிரமத்தில் உள்ளார்' என்று மேலாளர் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். இன்னும் ஆறு மாதத்துக்கு நீட்டிக்கச் சொல்லி நேற்று உத்தரவு வந்திருக்கிறது.

அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வருகிற ஞாயிறு என்னுடைய முறை. மாமனுக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. துண்டை எடுத்து வையுங்கள்.