மாமாவின் டிராயரில் எடைக்கல்

என் மாமாவை யாரும் ஏமாற்ற முடியாது என்று எங்கள் நெல்லிவாசல் மலைப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவரே அவர்தான். அம்மாவுக்கு ஒரே தம்பி; தேன் எடுப்பவர். காட்டில் கண்ணை மூடிக்கொண்டு சற்று நிற்பார்; கூடு எந்தத் திசையில் இருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். பாறையில் கயிறு கட்டி இறங்கவும் அவரை விட்டால் ஆள் கிடையாது. இதில் துளியும் மிகையில்லை. மற்ற விஷயங்களில் அவர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் அவருக்கு டி.பி. இரண்டாவது முறையாக வந்திருந்தது. முதல் முறை இருமல் நின்றதுமே மாத்திரையையும் நிறுத்திவிட்டார். “நல்லா இருக்கறவனுக்கு இன்னாத்துக்கு மருந்து?” என்று கேட்டார். அந்த நியாயம் நோய்க்குப் புரியவில்லை. பழைய மாத்திரைக்கு அடங்காமல் திரும்பி வந்ததால் இந்த முறை தினமும் ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஷேர் ஜீப்பில் போய்ப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஊசிக்குத்தான் போகிறாரா என்று பார்க்க அம்மா என்னையும் கூட அனுப்பினாள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மாமா முன்னால் நடப்பார், போலீஸ்காரி மாதிரி நான் பின்னால் நடப்பேன்.

நர்சம்மா கலசப்பாக்கத்துக்காரர். முதல் நாளே மாமாவை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினார். “எடை ஏறணுங்கண்ணே. எடை ஏறினாதான் ஒடம்பு தேறுதுன்னு அர்த்தம். அப்பறமா பாறை ஏறிக்கலாம்.”

மாமாவின் காதில் கடைசி வார்த்தைதான் விழுந்தது. பாறையில் தேன் கனிந்து தொங்குகிற காலம். இவர் இறங்காவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் இறங்கிவிடுவார்கள். அது அவருக்கு டி.பி.யைவிடப் பெரிய வியாதி.

அப்பா மலையில் புளி வாங்கிச் செங்கத்தில் விற்பவர். அவருடைய தராசுக்கு இரண்டு கிலோ எடையுள்ள இரும்புக் கற்கள் இரண்டு இருந்தன. அடுத்து எடை பார்க்கிற நாளன்று மாமா தன் பட்டாபட்டி டிராயரின் இரண்டு பைகளிலும் ஒவ்வொன்றாக அவற்றைப் போட்டு, மேலே லுங்கியை இறக்கிக் கட்டிக்கொண்டார். “அம்மாகிட்ட சொல்லாத பாப்பா, கிரீம் பன் வாங்கித் தர்றேன்” என்றார். கிரீம் பன் வந்தது. என் வாய் அதற்கே சரியாக இருந்தது. நர்சம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களாண்ணே, ஏறிடுச்சி!” அதிலிருந்து எடை பார்க்கிற நாளெல்லாம் கற்களும் கூடவே வந்தன.

எடையோடு ஊசி மருந்தும் ஏறியது. கானமைசின் என்கிற அந்த மருந்தை உடம்பின் எடைக்கு அளந்துதான் போட வேண்டும். அளவு மீறினால் முதல் அடி சிறுநீரகத்துக்கும் காதுக்கும். இன்று நர்ஸாக இருக்கிற நான் அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாமா கூடுதல் மருந்தைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். ஊசி பெரிதானால் நோய் பயப்படும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

சில வாரம் கழித்து, ஜீப்புக்கு நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். “கேக்குதா?”

“இன்னாது மாமா?”

“தேனீ. பெரிய கூடு. கிட்டதான்.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாமாவுக்குக் கேட்பது எனக்குக் கேட்காதது புதிதல்ல. இருவரும் புங்கமரம் புங்கமரமாக அண்ணாந்து பார்த்தோம், பொந்து பொந்தாகக் குனிந்து பார்த்தோம். கூடு இல்லை. மறுநாளும் கேட்டது. ஊசி முடிந்து திரும்பும்போது கேட்டது. மழையிலும் கேட்டது. “வூட்டுக்குள்ளயே கட்டியிருக்கு” என்று ஒருநாள் கூரையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். “காத்து கருப்பு எதனா அடிச்சிடுச்சாடா?” என்று அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். வரப்பில் நடக்கும்போது தள்ளாடினார். அம்மா வாயை மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை.

“காதுல சத்தம், தலசுத்தல் எதனா இருக்காண்ணே?” என்று நர்சம்மா அவ்வப்போது கேட்பார். “அதெல்லாம் ஒன்னியும் இல்லம்மா” என்பார் மாமா. அவர் கணக்கில் அது பொய்யே இல்லை. சத்தம் காதிலா இருக்கிறது? காட்டில் அல்லவா இருக்கிறது!

அடுத்து எடை பார்க்கிற நாளன்றும் அதையே சொன்னார். எனக்குத்தான் மாமாவின் பெருமையை அடக்கிவைக்க முடியவில்லை. “எங்க மாமாவுக்கு எப்பப் பாத்தாலும் தேனீ சத்தம் கேக்கும் சிஸ்டர். வூட்டுக்குள்ளகூட!”

ஊசியை எடுத்த கை அப்படியே நின்றது. “கண்ண மூடிக்கினு நேரா நில்லுங்கண்ணே.”

மாமா கண்ணை மூடினார். ஆடினார். மேசையைப் பிடிக்கப் போன வேகத்தில் லுங்கி அவிழ, டிராயர் பையிலிருந்து ஒரு கல் ணங்கென்று தரையில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். நர்சம்மா சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்தார், எடை மிஷினைப் பார்த்தார்.

“இரும்புக்கும் சேத்து ஊசி போட்டுட்டேனேண்ணே! அது தேனீ இல்லங்க. உங்க காது போவுது.”

மாமா லுங்கியை வாரிக் கட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “நிறுத்திட்டா சரியாப் போயிடுமாம்மா?”

“போனது வராதுங்க. இருக்கறதாவது மிஞ்சணும்.”

டாக்டர் வந்து அன்றே ஊசியை நிறுத்தினார். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், காதைச் சோதித்தார்கள். சிறுநீரகம் தப்பியது. காதில் பாதி தப்பியது. வேறு மருந்து கொடுத்தார்கள். இந்த முறை ஒரு மாத்திரை விடாமல் தின்று தீர்த்தார். டி.பி. போய்விட்டது. இன்றும் தேன் எடுக்கிறார். தண்ணீர் குடிக்க வரும் தேனீ எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டு பின்னாலேயே போகிறார்.

அந்த மருந்து முதலில் கீச்சென்ற உச்சஸ்தாயி ஓசைகளைத்தான் கொண்டுபோகும் என்று நர்சிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபோது எனக்குப் பேனா ஓடவில்லை. அந்தக் கோடையின் கடைசியில் மாமா வாசலில் உட்கார்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். அப்பா கட்டைக் குரலில் கூப்பிட்டால் திரும்பினார். பின்னால் நின்று நான் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. நர்சம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்ற கோபம், வேறென்ன? எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “போ மாமா, உன்கூட காய். இனிமே பேசவே மாட்டேன்” என்று கத்தினேன். அதற்கும் அவர் திரும்பவில்லை.