நெற்றியைப் பார்த்து வாங்காதீர்கள்

ஈர்க்கைப் போத்தலுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, நுனியில் தொங்கும் பாணி கீழே விழுவதற்குள் எதிரில் நிற்பவரின் உள்ளங்கைக்கு மேலே கொண்டுபோய்விடுவார் முஸ்அப். "கைய நீட்டுங்க. முதல்ல நக்கிப் பாருங்க, பொறகு வெலயக் கேளுங்க." கையை நீட்டாமல் பணப்பையைத் திறப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பஸ் புறப்படுகிறது என்று கெஞ்சினாலும் விடமாட்டார். வத்தேகமச் சந்தையில் முஸ்அபிடம் கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற பாகு, வாங்கப் போனால் ஒரு பஸ்ஸைத் தவற விடத்தான் வேண்டும்.

மரக்கறிக் கடைகளின் கோடியில் ஒரு மேசை, மேலே ஒரு நீலப் படங்கு, பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரை. இவ்வளவுதான் கடை. பன்விலைப் பக்கத்திலிருந்து பாணி கொண்டுவருகிறவர் அதைச் சாராயப் போத்தல்களில்தான் நிரப்பி வருவார். மலைநாட்டில் அது வழக்கம். முஸ்அப் ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்த கோர்டியல் போத்தலுக்கு மாற்றுவார். "தொழப் பள்ளிக்குப் போற மனுசன் சாராயப் போத்தலோட பஸ்ஸுல போனா ஊரு எனத்த செல்லும்?" என்பது அவருடைய நியாயம். காலிப் போத்தல்களைச் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்பும்போது மட்டும், யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்வார்.

நல்ல பாணியைக் கண்டுபிடிக்க ஊரில் ஆயிரம் வித்தை சொல்வார்கள். போத்தலைக் கவிழ்த்துக் குமிழி ஏறும் வேகத்தைப் பார்ப்பது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, நெருப்புக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைப்பது. முஸ்அபுக்கு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. "கள்ளன் இதெல்லாத்தயும் படிச்சிட்டுத்தான் சீனி கலக்கிறான். நாக்கு மட்டுந்தான் அவனுக்கு அம்புடாது."

ஆனால் சந்தையில் அவருடைய பாணி விற்றது நாக்கினால் அல்ல, நெற்றியினால்.

இருபது வயதை ஒட்டி அவருடைய நெற்றியின் நடுவில் ஒரு முண்டு கிளம்பியது. நோவு இல்லை, சீழ் இல்லை. அமுக்கினால் கல்லு மாதிரி இருக்கும். முப்பத்தைந்து வருடங்களாக ஆறுதலாக வளர்ந்து, அரைக் கொட்டைப்பாக்கைக் கவிழ்த்து வைத்த அளவுக்கு வந்து நின்றது. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதில் குனியும்போது நெற்றியில் முதலில் பாயைத் தொடுவது அந்த முண்டுதான். அதனால் அதன் மேல்தோல் உரசி உரசிக் கறுத்துப்போனது. பார்த்தவர்கள் அதை விடிய விடிய நின்று தொழுகிற மனிதனின் தழும்பு என்று எடுத்துக்கொண்டார்கள். ஹஜ்ஜுக்கே போகாதவரை "ஹாஜியார்" என்றார்கள். பல்லேகலவிலிருந்து காரில் வருகிற சிங்களக் குடும்பங்கள்கூட அந்த நெற்றியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போயின.

"இது எலும்புங்க. சுபஹுத் தொழுகைக்கு எழும்பாம ஒறங்கின நாள் எனக்கு எத்தனையோ ஈக்கிது" என்று அவர் உண்மையைச் சொல்லத்தான் செய்தார். பக்தியோடு பணிவும் சேர்ந்த மனிதர் என்று அதையும் அவருடைய வரவிலேயே எழுதினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கடும் தடிமல் பிடித்தது. மூக்கு அடைத்து, நாக்கு செத்துப்போய், தேநீருக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த வாரம் வந்த பாணியை ருசி பார்க்காமலே விற்றுவிட்டார். தடிமல் விட்ட அன்று மிச்சமிருந்த போத்தலில் ஈர்க்கை விட்டு நக்கினார். சீனிப்பாகு. அசல் பாணி பேருக்குத்தான் இருந்தது.

மேசையைப் படங்கால் மூடிவிட்டு, அந்தப் பாணியை வாங்கியவர்களின் வீடுகளை நினைவில் தேடிப் புறப்பட்டார். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னாலுள்ள மேட்டில் றோஸ் டீச்சர் வீடு. படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் லியோனுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு.

"டீச்சர், போன கெழம தந்த பாணியத் திருப்பித் தாங்க. அதுல சீனி கலந்தீக்கிது."

அண்ணன் என்ற முறையில் முஸ்அபை 'நானா' என்றே அழைக்கும் டீச்சர் சிரித்துவிட்டார். "என்ன நானா, பகிடி பண்றீங்களா? உங்க நெத்தியப் பாத்துட்டு இத யாராச்சும் நம்புவாங்களா? உட்காருங்க, தேத்தண்ணி போடுறேன்."

"அல்லாவுக்காக நம்புங்க டீச்சர். எனக்குத் தடிமல். நான் ருசி பாக்கல்ல."

"நீங்க எதுக்கும் ரொம்பத்தான் பயப்படுறீங்க. கடைச் சீனியத்தான் டொக்டர் வேணாம்னு சொன்னாரு. கித்துள்னா ஒண்ணும் செய்யாதுன்னு இவருக்கு நாந்தான் குடுக்கிறேன், அதுவும் உங்ககிட்ட வாங்குறதுங்கிறதால." சொல்லிக்கொண்டே லியோனின் தயிர்க் கோப்பையில் இன்னொரு கரண்டியை ஊற்றினார். லியோன் ரசித்துச் சாப்பிட்டார். வாயோரத்தில் வழிந்ததை விரலால் வழித்து அதையும் நக்கினார்.

முஸ்அப் மேசையில் இருந்த போத்தலைப் பறித்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினார். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதர் தான் விற்ற பொருளைத் தானே திருடிக்கொண்டு ஓடியதை அந்த மேட்டில் உள்ளவர்கள் முதன்முறையாகப் பார்த்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஒரு சொட்டுக் குறையையும் தாங்காத மனிதர் என்று ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சர் எல்லோரிடமும் சொன்னார். அடுத்த வாரம் மேசைக்கு முன் கூட்டம் கூடியது. ஒருவரும் கையை நீட்டவில்லை.

அன்று பின்னேரம் மடவளையில் தன் வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன் நின்று முண்டைத் தடவிக்கொண்டே மனைவி ரபீகாவிடம் சொன்னார்: "இத எடுக்கப் போறன்."

"முப்பத்தஞ்சு வருசமா ஒண்ணுஞ் செய்யாத சாமான எனத்துக்கு வெட்டப் போறீங்க? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்கிற வேல. யாவாரம் படுத்தா நான் எனத்த செய்யிற?"

"நான் குருடனாப் பாணி விக்கிறன், சனம் குருடனா வாங்குது. ஒரு கண்ணாச்சும் தெறக்கட்டும் புள்ள."

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர் சுகிர்தா யாழ்ப்பாணத்துக்காரர். "இது வெறும் எலும்பு வளர்ச்சி ஐயா. புற்றுநோய் இல்லை. விட்டாலும் ஒண்டுஞ் செய்யாது. நோகுதோ?"

"இல்ல டொக்டர்."

"அப்ப ஏன் எடுக்கவேணும்? வடிவுக்கோ?"

"எனக்கு நோவில்ல டொக்டர். இது மத்தவங்கள ஏமாத்துது."

டொக்டர் பேனையை மூடி வைத்துவிட்டு, கதை முழுவதையும் கேட்டார். பிறகு நாள் குறித்தார்.

முடிக்குள்ளே மறைவாகக் கீறி, தோலைத் தூக்கி, மண்டையோட்டின் மேல் வளர்ந்த எலும்பைச் சீவி எடுப்பதுதான் வேலை. விறைப்பூசி போட்டார்கள், நினைவு தப்பவில்லை. "நோவே இல்ல. ஆனா மண்டக்குள்ள யாரோ குந்திக்கிட்டுத் தேங்கா துருவுற சத்தம்" என்று பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். எடுத்த துண்டைக் காட்டச் சொல்லிக் கேட்டார். தட்டில் கிடந்தது ஒரு வெள்ளைச் சில்லு. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா ஹாஜியார்?" என்று கேட்டாராம். தாதி சிரித்ததில் டொக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு பரிசோதனைக்குப் போய், பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் வீக்கம் நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது. இமைகள் நாவற்பழ நிறமாகி மூடிக்கொண்டன. ரபீகா தலைமாட்டில் இருந்து அழுதார். "வீங்கும், பிறகு வத்தும், பயப்பட வேண்டாம்" என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததை முஸ்அப் கண்ணை மூடிக்கொண்டே அவருக்கு எடுத்துச் சொன்னார். தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தார். வீக்கம் வற்றி, தையலும் பிரித்தாயிற்று. சொன்னபடியே முடிக்குள் ஒரு கோடு மட்டும் மிஞ்சியது.

குனியவும் பாரம் தூக்கவும் சில வாரங்களுக்குத் தடை. பள்ளியில் கதிரையில் உட்கார்ந்து தொழுதார். "பாருங்க, இந்த வருத்தத்துலயும் ஜமாஅத்துத் தொழுகைய விடுறாரில்ல" என்று பின் வரிசையில் யாரோ சொன்னது காதில் விழ, அவருக்கு அழுகையே வந்துவிட்டது. முண்டை வெட்டலாம், சனத்தின் கண்ணை என்ன செய்வது?

குனியலாம் என்று டொக்டர் சொன்ன பின் முதன்முறையாக நெற்றியைப் பாயில் வைத்தார். வைத்தது தெரியவில்லை. கீறிய இடத்திலிருந்து புருவத்துக்குக் கிட்டவரை விறைத்துக் கிடந்தது. நரம்பு உயிர்க்க மாதக்கணக்கில் ஆகும் என்றும் டொக்டர் சொல்லியிருந்தார். தொட்டதா இல்லையா என்ற பயத்தில் இன்னும் அழுத்தினார். தொழுகை முடிந்ததும் மௌலவியிடம் போய் நின்றார்.

"ஹஸரத், நெத்தி வெச்சது எனக்குத் தெரியல்ல. அது தொழுகையில சேருமா?"

"நீங்க வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"பொறகு எனத்த கேக்கிறீங்க? போங்க, போய் யாவாரத்தப் பாருங்க."

யாவாரம் உண்மையிலேயே படுத்திருந்தது. நீலப் படங்கின் கீழ் உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிப் போய், "இங்க ஒரு ஹாஜியார் இருந்தாரே, எங்க?" என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார்கள். "ஹாஜியார் ஒருநாளும் இல்ல. முண்டு இப்பத்தான் இல்ல. பாணி ஈக்கிது, கைய நீட்டுங்க" என்று இவர் இங்கிருந்தே கூப்பிடுவார். சிலர் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு நடந்தார்கள். சிலர் நீட்டினார்கள். நக்கிப் பார்த்து, இன்னொரு சொட்டுக் கேட்டு, போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கினார்கள். விற்றது பழைய கணக்கில் பாதிதான். ரபீகா முணுமுணுத்தார். ஆனால் வீட்டுக்கு வரும்போது மனிதர் பாட்டு முனகிக்கொண்டு வருவதை அவரும் கவனிக்காமல் இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி நெற்றியில் உணர்வு திரும்பத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். சொறியக்கூடாது என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

றோஸ் டீச்சர் மட்டும் வரவேயில்லை. போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளுக்குப் பிறகு கிளினிக்கில் லியோனுக்குச் சீனி ஏறிக் கிடந்ததாகவும், டீச்சருக்கு நல்ல ஏச்சுக் கிடைத்ததாகவும் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட அன்று முஸ்அப் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை டீச்சர் குடையோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றார். முஸ்அபின் நெற்றியை ஒருமுறை பார்த்தார். அது எல்லோருடைய நெற்றியையும் போல இருந்தது.

"இவருக்கு இல்ல நானா. இவருக்கு இப்ப ஒண்ணுமே குடுக்கிறதில்ல, சீனி எறங்கிடுச்சு. மக வர்றா, அவளுக்குத்தான்." சொல்லிவிட்டு, முஸ்அப் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினார்.

முஸ்அப் ஒரு சொட்டு விட்டார். டீச்சர் நக்கினார். கண்ணை மூடினார். இன்னொரு சொட்டுக் கேட்டார். பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு, "நானா, கோபிக்காதீங்க. இது கொஞ்சம் அடிப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

முஸ்அப் அதே ஈர்க்கிலிருந்து தன் கைக்கும் ஒரு சொட்டு விட்டு நக்கினார். அடி நாக்கில் மெல்லிய கைப்பு. காலையில் அவருக்கே தட்டுப்படாத கைப்பு. அந்தப் போத்தலை மூடி மேசைக்குக் கீழே தள்ளினார். புதுப் போத்தல் ஒன்றைத் திறந்து டீச்சர் பக்கம் நகர்த்தி, ஈர்க்கை அவர் விரல்களுக்குள் கொடுத்துவிட்டு, தன்னுடைய உள்ளங்கையை நீட்டினார்.