பின்பக்கமாக ஓடிய சனியன்

அடைக்கலமேரிக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். கைப்பையின் ஜிப்பைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். முப்பத்து நாலு வருஷம் கிராம சுகாதார நர்சாக இருந்தவள். பேரப்பிள்ளைக்கு ஊசி போடக் கூடாது என்று மாமியார்கள் மல்லுக்கு நின்றபோதெல்லாம் பாடுபட்டது அந்த ஜிப்தான். போன வருஷம் அவள் ரிட்டையர் ஆனதோடு அதற்கும் ஓய்வு கிடைத்தது. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குன்றாண்டார்கோவில் புளியமரத்தடியில், அம்பது பேர் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஜிப் மறுபடியும் வேலையில் இறங்கிவிட்டது.

எல்லாம் ஒரு வண்டியால் வந்த வினை.

கீரனூரில் சந்தோஷ் என்று ஒரு பையன் இருக்கிறான். வாரநாளில் திருச்சிக்கு பஸ் ஏறி வேலைக்குப் போவான். லீவு நாளில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டு மாட்டுவான். அவனுக்கென்று அதே கிறுக்குப் பிடித்த ஒரு கூட்டம். அரசு ஏலத்தில் பழைய இரும்போடு இரும்பாக வந்த ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டியை எடுத்து, ரெண்டு வருஷம் நோண்டி, ஓட வைத்துவிட்டான். விசாரித்ததில், அது ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆபீஸ் வண்டி என்று தெரிந்தது. ரெஜிஸ்டரில் அது சுகாதார ஆய்வாளர் சிவசாமி பெயரில் இருந்தது. சுகாதார நிலையத்தில் எல்லாரும் அதைக் கூப்பிட்ட பெயர் சனியன்.

சிவசாமிக்கு இப்போது எழுபது வயது. சந்தோஷ் தேடிப் போய் அழைத்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அடைக்கலமேரிக்குப் போன் போட்டார். "மேரி, நம்ம சனியனைப் பொழைக்க வச்சு கொண்டாராங்கெ. அவங்கவங்க ஓட்டுனதுலயே மோசமான வண்டி எதுன்னு கதை சொல்லணுமாம். நீயும் வந்துரு."

அவளும் மகள் இனியாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுக்கு அந்த வண்டியைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இனியா பிள்ளைப்பிராயத்தில் சோறு உண்டதே சனியன் கதையைக் கேட்டுத்தான். 'அம்மா ஒரு நாள் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அந்த வண்டியில போனேனா, தரைப்பாலத்துல சக்கரம் மாட்டிக்கிச்சா, வண்டியைப் பின்னாடி ஓட்டி வெளிய எடுத்தேனா...' கல்லூரிக்குப் போனபிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "பைக் எங்கயாச்சும் பின்னாடி ஓடுமாம்மா? போம்மா."

கதை சொல்லும் கச்சேரி நன்றாகத்தான் ஆரம்பித்தது. கீரனூர் ரைஸ்மில் ஆவுடையப்பன் முதலில் எழுந்தார். அவருடைய முதல் வண்டியில் ஹாரனை அழுத்தினால்தான் ஹெட்லைட் எரியுமாம். "பொழுது சாஞ்சா வீடு வந்து சேர்ற வரைக்கும் ஹாரன்ல இருந்து கையை எடுக்க முடியாது. எங்க ஊரு நாயி அத்தனையும் எனக்குப் பின்னாடி ஊர்வலம் வரும். ஒரு வருசம் ஓட்டுனேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். ஜெயித்த கபடிக் கோப்பையைக் காட்டுகிற மாதிரி இருந்தது அந்த நிமிர்வு.

தங்கமுத்து விடுவாரா? அவர் வண்டியில் பெட்ரோல் டேங்க் ஓட்டை. மெக்கானிக் சொன்னபடி குளிக்கிற சோப்பைத் தேய்த்துத் தேய்த்து அடைத்தாராம். "மூணு வருசம்ங்க. எங்க வீட்டுல சோப்பு வாங்குறது வண்டிக்கு, மிச்சம் இருந்தா மனுசனுக்கு. என் சம்சாரம் சண்டை போட்டு மீமிசலுக்குப் பொறந்த வீட்டுக்கே போயிருச்சு. நானும் அதே வண்டியில போய்த்தான் கூட்டியாந்தேன், பாதி வழியில ரெண்டு தடவை சோப்புப் போட்டு." கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அடைக்கலமேரியும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அடுத்து சிவசாமி. சந்தோஷ் அவருக்குச் சால்வை போர்த்தி, மைக்கைக் கொடுத்தான். மனுஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"எங்க சனியனுக்கு முன்னால ஒங்க வண்டியெல்லாம் தேருங்க! அதுக்கு மனசு சரியில்லைன்னா, உதைச்சதும் எஞ்சின் தலைகீழா சுத்தும். முதல் கியரைப் போட்டா வண்டி பின்னாடி போகும்! ஒரு நாளு ஆத்துக்கு அங்கிட்டு இருக்கிற ஊருல தடுப்பூசி முகாம். நாப்பத்தேழு பிள்ளைங்க. வேலைவெட்டிய விட்டுட்டுத் தாய்மாருங்க காத்துக் கெடக்குதுங்க. பெட்டியில ஐஸ் கரையுது. தரைப்பாலத்துல இடுப்பளவு தண்ணி. நடுவுல முன்சக்கரம் கல்லு இடுக்குல மாட்டிக்கிச்சு. அக்கம்பக்கத்துல ஈ காக்கா இல்ல. நான் என்ன பண்ணுனேன், வண்டிய வேணும்னே பின்னாடி ஓட வச்சேன். சரசரன்னு வெளிய வந்துருச்சுல்ல!"

அடைக்கலமேரியின் விரல்கள் ஜிப்பைத் தேடிப் போயின. இடுப்பளவு தண்ணியாமே! கணுக்கால்கூட நனையவில்லை அன்றைக்கு. இடுப்பளவு தண்ணீரில் எந்த எஞ்சின் ஓடும்? புளுகுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

அது போகட்டும். அவளைச் சுட்டது வேறு. இனியா மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் பெற்றவளுக்குத் தெரியாதா? 'அப்ப இது இவரு கதையா? இவ்வளவு நாளா இதைத்தான் ஒன் கதைன்னு சொன்னியா?' அதில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நடந்தது இதுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு அந்த முகாம் நாளில் சிவசாமிதான் அவளை வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். உதைத்தார். சனியன் கிக்கரைத் திருப்பி அடித்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் சரியான அடி. மனுஷன் காலைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வேறு வண்டி கிடையாது. பஸ் அந்த ஊருக்கே கிடையாது. "நான் ஓட்டுறேன் சார்" என்று அடைக்கலமேரி சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆனால் அவள் மீமிசல் கடற்கரையில் வளர்ந்தவள். அவள் அண்ணன் இன்னாசி மீன் பெட்டி கட்டி வியாபாரம் போன வண்டியில் மணலிலேயே ஓட்டப் பழகியவள். மணலில் முன்சக்கரம் புதைந்தால் இன்னாசி எஞ்சினை எதிர்ப்பக்கம் சுற்ற வைத்துப் பின்னால் எடுப்பான். அவனைப் பார்த்துப் பார்த்து அந்த வித்தையும் அவளுக்குக் கைவந்திருந்தது. தரைப்பாலத்தில் அவளைக் காப்பாற்றியது அண்ணன் கற்றுக்கொடுத்த அந்த வித்தை. முகாமுக்குப் பதினைந்து நிமிஷம் தாமதமாகப் போனாள். ஒரு தாய்கூடக் கலைந்து போயிருக்கவில்லை. நாற்பத்தேழு பிள்ளைகளுக்கும் ஊசி போட்டாள்.

மறுவாரம் புதுக்கோட்டையிலிருந்து வந்த அதிகாரி, மட்கார்டு ஏன் நெளிந்திருக்கிறது என்று கேட்டார். "நான்தான் சார் ஓட்டுனேன்" என்று முந்திக்கொண்டார் சிவசாமி. அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "வாயைத் தெறக்காத மேரி. ஒனக்கு லைசென்ஸ் இல்ல. ஆபீஸ் வண்டியத் தொட்டன்னு தெரிஞ்சா வேலைக்கு உலை வச்சுருவாங்க" என்றார். அன்றைக்கு அவள் அழுதுகொண்டே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நன்றி இன்றைக்கும் அவளுக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டாள். ஆனால் அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் டீக்கடைக்குப் போனது, மீட்டிங்குக்குப் போனது, பிரிவுபசார விழாவுக்குப் போனது. சொல்லிச் சொல்லி, தானே ஓட்டியதாக மனுஷன் நம்பவே ஆரம்பித்துவிட்டார். ஆபீசில் அவள் பொறுத்துக்கொண்டாள். பெற்ற மகள் முன்னால் எப்படிப் பொறுப்பாள்?

"சார், கதை அளக்காதீங்க!" ஆவுடையப்பன் எழுந்து நின்றார். "பைக் பின்னாடி போவுமா? என் ஹாரன் லைட்டையாச்சும் நம்பலாம்."

"டூ-ஸ்ட்ரோக்ல நடக்கும்ண்ணே" என்றான் சந்தோஷ். "நான்கூட எலக்ட்ரானிக் இக்னிஷன் போடல, பழைய பாயிண்ட் செட்டுதான் இருக்கு, அதுல எஞ்சின் ரெண்டு பக்கமும் சுத்தும். ஆனா வேணும்னே அதைப் பண்றது லேசு இல்ல. சார், ஒரு தடவை பண்ணிக் காட்டுங்களேன். வீடியோ எடுத்துக்கிறோம்."

கூட்டம் 'ஓ' என்று கத்தியது. சிவசாமி சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். சனியன் பச்சைப் பெயின்ட் மினுங்க நின்றிருந்தது. முதல் உதையில் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆனது, முன்னால்தான் போனது. நிறுத்தினார். மறுபடி உதைத்தார். அதே கதை. மூன்றாவது முறை அரைமனதாக ஒரு உதை விட்டாரே பார்க்கலாம், கிக்கர் படாரென்று திருப்பி அடித்தது. "ஐயோ ஆத்தா!" என்று காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

மேரி எப்போது எழுந்தாள், எப்போது அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. கையிலிருந்த பை நாற்காலியில் கிடந்தது. குனிந்து அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். "ஆட்டாதீங்க சார். விரலை மடக்குங்க. எலும்புக்கு ஒண்ணுமில்ல, வீங்கத்தான் செய்யும். யாராச்சும் ஐஸ் கொண்டாங்கப்பா."

சிவசாமி அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வேப்பமரத்தடியில் கேட்ட அதே வார்த்தைகள். அவர் முகம் மெல்ல மாறியது.

"மேரி... அன்னிக்கும் இப்படித்தானே?"

"இப்படியேதான் சார்."

அவள் நிமிர்ந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "யம்மா, வேணாம்மா, விழுந்துராத!" என்று இனியா ஓடிவந்தாள். அடைக்கலமேரி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தாள். ஆக்ஸிலரேட்டரை விட்டாள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். அது கடைசி மூச்சை இழுக்கிற நேரம் பார்த்து மறுபடி சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்துபோனது.

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, காதால்தான் கேட்க வேண்டும். இன்னாசி அண்ணன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வான். மறுபடி உதைத்தாள், அணைத்தாள், கேட்டாள். டுப்... டுப்... டு... இப்போ! சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி பிடித்துக்கொண்டது. ஆனால் சத்தம் வேறு. சளி கட்டிய தொண்டை மாதிரி கரகரவென்று. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டாள். மெல்ல விட்டாள்.

சனியன் பின்பக்கமாக நகர்ந்தது.

ஒரு அடி, ரெண்டு அடி இல்லை. அடைக்கலமேரி கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே, புளியமரத்திலிருந்து ரோட்டோரம் வரைக்கும் அதை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். "அடேங்கப்பா!" என்று கத்தியபடி ஆவுடையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். தங்கமுத்து துண்டைத் தூக்கி வானத்தில் எறிந்தார். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த சந்தோஷ் போனைக் கீழே இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பெருமையாக இருந்தது அவளுக்கு. மறைக்க என்ன இருக்கிறது, நெஞ்சு வெடித்துவிடும்போலப் பெருமையாக இருந்தது.

சிவசாமி ரெண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மைக்கைக் கேட்டு வாங்கினார். "அன்னிக்கு ஓட்டுனது நான் இல்லைங்க" என்றார். "இந்த நர்சம்மாதான். அதுக்கு லைசென்ஸ் இல்லைன்னு நான் ஓட்டுனதாச் சொன்னேன். சொல்லிச் சொல்லி, நெசமாவே நான்தான்னு நெனைச்சுப்புட்டேன். கால்ல அடி வாங்குனதும்தான் புத்தி வந்துச்சு. மன்னிச்சுரு மேரி." தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவளுக்குப் போர்த்தினார்.

"என் வேலையக் காப்பாத்துனவரு நீங்க. மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் கண் கலங்கியது.

"இப்பவாச்சும் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார் சிவசாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அடுத்த வருசமே எடுத்துட்டேன் சார். நீங்கதான் கேக்கவே இல்ல."

கீரனூர் பஸ்ஸில் திரும்பி வரும்போது இனியா அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் கிளட்ச் அழுத்திய தடம் இன்னும் சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "நான் நம்பாம இருந்துட்டேம்மா" என்றாள். அடைக்கலமேரி மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பஸ் ரெண்டு நிறுத்தம் தாண்டியதும் இனியா போனை எடுத்தாள். மறுமுனையில் அவளுடைய மாமியார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"அத்தை, எங்கம்மா என்ன பண்ணிருக்கு தெரியுமா? நீங்க நம்பவே மாட்டீங்க. நாப்பத்தேழு பிள்ளைங்களுக்குப் போட வேண்டிய ஊசி மருந்து. கூட ஆளு யாரும் இல்ல. தரைப்பாலத்துல தண்ணின்னா தண்ணி, கழுத்தளவு தண்ணி அத்தை..."

அடைக்கலமேரி திருத்துவதற்காக வாயைத் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். அப்படியே மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.