பின்சுவரை உடைத்த நான்கு நாட்கள்

சமூகநல அதிகாரி கேட்டைத் தாண்டியதும் பெரியவர் தன் சட்டைகளை மடித்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். நான் அவர் கொடுத்த கடிதத்தை இரண்டாம் முறை படித்து முடித்து நிமிர்ந்தபோது பெரியவர் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"அந்தாளு சொன்னது காதுல விழுந்துச்சும்மா. வண்டி எத்தனை மணிக்கு வரும்?"

என் இல்லத்துக்கு வருமுன் அவர் மூன்று இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைகள். அந்தக் கைகள் பையின் வாயை முடிச்சுப் போட்டிருந்த நேர்த்தியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

இல்லம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. தம்போய் ஊரில் என் கணவர் விட்டுச்சென்ற வரிசை வீடு. அதில் ஏழு வயதானவர்கள், நான், எனக்குத் துணையாக வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஆஸ்பத்திரியில் பல வருடம் அட்டெண்டனாக இருந்தேன். குணமாகியும் கூட்டிப்போக ஆள் வராத ஒருவரை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அப்படித் தொடங்கியதுதான் இது.

அதிகாரி தமிழர்தான். மரியாதையாகத்தான் பேசினார். குறைகளைச் சரிசெய்யாவிட்டால் இல்லத்தை மூட வேண்டும், அலுவலகத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. சமையலறைப் பின்கதவு குறுகலாக இருக்கிறது, பூட்டு போட்ட கிரில் இருக்கிறது, தீப்பிடித்தால் சக்கர நாற்காலி வெளியே போக முடியாது என்றார். அது உண்மை. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "சின்ன சின்ன இடமெல்லாம் இனிமே சரிப்படாதுக்கா. பெரிய செண்டருக்கு இவங்கள அனுப்பிட்டு நீங்க ரெஸ்ட் எடுங்களேன்."

நான் ஓய்வு கேட்டேனா?

அன்றே கெலாங் பாத்தாவுக்குப் போன் போட்டேன். அங்கே ஓய்வுபெற்ற ஒரு மலாய் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தன் வீட்டில் ஒன்பது பேரைப் பார்த்துக்கொள்கிறார். ஆளுக்கொரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளினிக் வரிசையில் நின்றபோது பழக்கமானவர். அவர் பேசுவது மலாயில்தான், என் நினைவில் மட்டும் எல்லாம் தமிழாகவே பதிந்திருக்கிறது.

"எனக்கும் அதே கடிதம் வந்திருக்கு," என்றார். "பக்கத்துத் தாமான் குடியிருப்புல ஆண்கள் இல்லம் நடத்துற சீனருக்கும் வந்திருக்கு. ஏன் நம்மள தனித்தனியா கூப்பிடுறாங்க?"

"தனியாப் போனா தனியாத்தானே பயப்படுவோம்."

அவர் சிரித்தார். "அப்போ சேர்ந்தே போலாம்லா."

எனக்குக் கொடுத்திருந்த நேரத்தில் மூன்று பேரும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தோம். அதிகாரி எங்களைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்க, அதுதான் முறை," என்றார். மற்ற இருவருக்கும் புரியட்டும் என்று நான் மலாயிலேயே பதில் சொன்னேன். மூவருக்கும் ஒரே கடிதம், எங்கள் பதிலும் ஒன்றுதான். வீடுகளைச் சரிசெய்கிறோம், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல, ஒவ்வொன்றாக. ஒரு வீட்டில் வேலை நடக்கும்போது அங்கிருப்பவர்கள் மற்ற வீடுகளில் தங்குவார்கள். மூன்று வீட்டுப் பணியாளர்களுக்கும் மிஸ்ஸி பயிற்சி தருவார். எங்களுக்குத் தேவை அவகாசம் மட்டும்.

"அப்படியொரு ஏற்பாட்டுக்கு விதி கிடையாது."

"கூடாதுன்னு விதி இருக்கா?" என்று கேட்டார் சீனர்.

"இருந்தா அதை எழுதிக் குடுங்க. வாங்கிட்டுப் போயிடுறோம்," என்றேன் நான்.

அதிகாரி எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து அவகாசத்தோடு திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருக்கவில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

முதலில் என் வீடு. கெலாங் பாத்தாவுக்குப் போக சர்ச்சிலிருந்து வேன் வந்தது. ஆறு பேர் ஏறிவிட்டார்கள். பெரியவர் மட்டும் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாலு நாள்தான்யா. சுவரை உடைச்சுக் கதவு வைக்கிறோம்."

"இப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு நாள்னாங்க, ஒரு வாரம்னாங்க."

அவரிடம் என்ன சொல்லியும் பயனில்லை என்று தெரிந்தது. முன்கதவைப் பூட்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "வேற சாவி இல்ல. நீங்க வந்து திறந்தாத்தான் இந்தக் கதவு திறக்கும்."

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேனில் ஏறினார்.

நான் சொன்னது பொய்யில்லை. அந்த நான்கு நாளும் பின்சந்து வழியாகச் சுற்றிப்போய், கொத்தனார் உடைத்த ஓட்டைக்குள் குனிந்து நுழைந்துதான் என் வீட்டுக்குள் போனேன். தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசி. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அலமாக், சாவிய தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "இல்ல, வெளியூர் போயிருக்கு," என்றேன்.

கெலாங் பாத்தாவில் மிஸ்ஸி என் ஆட்களுக்காகப் புதுப் பானை ஒன்று வாங்கி, சைவம் சாப்பிடும் அம்மாவுக்குத் தனியாகச் சமைத்தாராம். பெரியவர் முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள், அந்த வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு மலாய்க்காரருக்குச் சோறு ஊட்டிவிட்டுத் தானும் சாப்பிட்டாராம். அந்த மனிதரும் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் காலை வேன் வந்து நின்றது. பெரியவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பூட்டைத் திறக்க அவருக்கு நேரமாயிற்று. கதவு திறந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்ப் புதிய பின்கதவைத் தள்ளிப் பார்த்து, "சாவியில்லாமத் திறக்குதே," என்றார்.

என் வீடும் மிஸ்ஸியின் வீடும் சோதனையில் தேறின. சீனரின் வீடு தேறவில்லை. அது வாடகை வீடு, சுவரில் கை வைக்கக் கூடாது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். எவ்வளவோ பேசிப் பார்த்தோம். அவருடைய ஐந்து ஆட்களில் மூன்று பேர் கெலாங் பாத்தாவுக்கும் இரண்டு பேர் என்னிடமும் வந்தார்கள். கடைசி நாள் அவர் வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டுத்தான் பூட்டினார்.

"பார்த்தீங்களா, ஒரு இடம் மூடத்தான் வேண்டியிருந்துச்சு," என்றார் அதிகாரி.

"வீடுதான் மூடுச்சு. ஒருத்தரும் ரோட்டுக்குப் போகல," என்றேன். அதை அவருடைய ஃபைலிலும் எழுதச் சொன்னேன். அவர் எழுதும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

சீனர் இப்போது வாரம் மூன்று நாள் எங்கள் இரு வீடுகளுக்கும் வந்து ஆண்களுக்குச் சவரம் செய்துவிடுகிறார்.

போன மாதம் பத்து பகாட் ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். உடல் ஊனமுற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கும் கடிதம் வந்திருக்கிறது. இல்லத்தை மூடிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். "தனியா மட்டும் போயிடாதீங்க," என்று சொல்லிவிட்டு மிஸ்ஸியையும் சீனரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கேயிருந்த அதிகாரி வேறு. நாங்கள் யார், எங்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொன்னோம்.

முடிவு இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை மறுபடியும் போகிறோம்.