மல்லி என்றால் தம்பி

ஐந்தாம் ஆண்டில் நான் சிங்களத்துக்குத் தொண்ணூறு புள்ளி எடுத்தபோது எங்கள் வீட்டில் யாரும் பாயாசம் காய்ச்சவில்லை. மாமா மட்டும் தேர்ச்சி அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியே, எங்கடை வீட்டிலையும் ஒரு சிங்களத்தி வளருறா. உந்தப் பாஷையைத் திணிக்க வெளிக்கிட்டுத்தானே நாடே நாசமாய்ப் போனது" என்றார்.

அம்மா சுளகில் அரிசி புடைத்தபடியே சொன்னார்: "படிக்கட்டும். நான் போய் நிக்கிற கந்தோரெல்லாம் அதைத்தானே கதைக்கினம்."

அம்மா அரசாங்க அலுவலகம் ஒன்று விடாமல் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியது அண்ணைக்காக. வன்னியில் போர் முடிந்த நாளில், பெயரைப் பதிந்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நம்பி, அம்மாவே அண்ணையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இராணுவத்திடம் ஒப்படைத்தார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். நாங்கள் அகதி முகாமில் இருந்து எங்கள் ஊர் கோப்பாய்க்குத் திரும்பிவந்து, கிணற்றை இறைத்து, வீட்டுக்குக் கூரையும் போட்டாயிற்று. அண்ணை எங்கே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் சிங்கள ரீச்சர் முதல் நாளே எச்சரித்திருந்தார். "பிள்ளையள், ஒரே மாதிரிக் கேக்குதெண்டு ஏமாந்து போகாதேங்கோ. சிங்களத்திலை மல்லி எண்டால் கொத்தமல்லி இல்லை, தம்பி." வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவர்களுடைய சொல் எங்களுடையதுபோலக் கேட்டால் கருத்து நிச்சயம் வேறாகத்தான் இருக்கும். வீட்டிலும் அதைத்தானே சொல்லி வளர்த்தார்கள், அவர்கள் வேறு நாங்கள் வேறு என்று.

ஒரு வெள்ளிக்கிழமை தபால்காரர் அரசாங்கக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தலை முதல் கால் வரை சிங்களம். சட்டப்படி சிங்களம், தமிழ் இரண்டும் அரசமொழிதான். அனுப்பியவருக்கு மறந்துபோயிற்று, பாவம். மருதனார்மடச் சந்தியில் சிங்களம் தெரிந்த ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனால் பொழுதுபடுவதற்குள் ஊரெல்லாம் கதை பரவிவிடும் என்று அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணையைப் பற்றித்தான் இருக்கும். வாசி ராசாத்தி."

எனக்கு எழுத்துத் தெரியும், கருத்துத் தெரியாது. தொண்ணூறு புள்ளி எடுத்தவள் அதை ஒப்புக்கொள்வாளா? பேச்சுப் போட்டிக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று இழுத்து இழுத்து வாசித்தேன். நடுவில் 'மரண சஹதிகய' என்று வந்தது.

"நில். திருப்பி வாசி."

வாசித்தேன். இன்னொருமுறையும் வாசிக்கச் சொன்னார். என் உச்சரிப்பு அவருக்குப் பிடித்துவிட்டதாக்கும் என்று இன்னும் உரத்து வாசித்தேன்.

"மரண எண்டால் என்ன பிள்ளை?"

"அது மல்லி மாதிரி அம்மா. எங்கடை கருத்து வராது."

"வராதோ?"

"வரவே வராது. ரீச்சர் சொன்னவ."

அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். கடவுளே, எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்! இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

இன்று எனக்குச் சிங்களத்தில் சண்டை பிடிக்கவும் வரும். அந்தக் கடிதத்தைப் பிறகு நானே எடுத்து வாசித்தேன். வந்து ஒப்பமிட்டு மகனின் மரணச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளவும் என்பதுதான் விஷயம். ஒப்பமிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். அதன்பிறகு பிள்ளை எங்கே என்று எந்தக் கந்தோரிலும் கேட்க முடியாது. இரண்டு பாஷைக்கும் பொதுவாகக் கிடந்த அந்த ஒரு சொல்லை, பாஷை தெரியாத அம்மா காதால் பிடித்துவிட்டார்.

அன்று பின்னேரம் அம்மா என் கொப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தார். "அந்தச் சொல்லை மட்டும் எழுதப் பழக்கு. எங்கை கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியவேணும்."

மூன்று எழுத்து, மூன்றும் உருண்டை. பிற்காலத்தில் யார் எந்தக் கடதாசியை நீட்டினாலும் அம்மா விரலை வைத்து வரி வரியாக அந்தச் சொல்லைத் தேடுவார். இருந்தால் கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்துவிடுவார். அதற்கான படிப்பு இது என்று அன்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கே நான் ரீச்சர் என்ற பெருமையும் புளுகமும்தான் எனக்கு. பத்துத்தரம் எழுதச் சொன்னேன். எழுதினார். எழுத்துக் கோணியபோது, "வடிவாய் எழுதுங்கோ" என்று அதட்டினேன். கடைசியில் சிவப்புப் பேனையால் சரி போட்டு, கீழே 'கெட்டிக்காரி' என்றும் எழுதிக் கொடுத்தேன்.

புளுகம் அடங்காமல், "பக்கத்திலை அண்ணையின்ரை பேரையும் எழுதிக் காட்டட்டே?" என்று கேட்டேன்.

அம்மா கொப்பியைப் பட்டென்று மூடினார். "வேண்டாம். அது உதுக்குப் பக்கத்திலை வரக்கூடாது."

ஒரு சொல்லோடேயே களைத்துவிட்டார், அம்மாவுக்குப் படிப்பு ஏறாது என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.